திரைக்கும் வந்தது ரெடிமேட் சட்டை!

சென்னைவாசிகளுக்குச் செம்பரம்பாக்கம் என்றால் ஏரி; ஏரி என்றால் குடிநீர். அதன் முழு ஆழம் 24 அடி. நிரம்பினால் 364 கோடியே 50 லட்சம் கன அடி நீர் நிற்கும். கோடையில் “ஏரியில் எவ்வளவு இருக்கிறது?” என்று கேட்கும் அதே ஜனங்கள், கார்த்திகை அடைமழையில் “எவ்வளவு திறந்து விட்டார்கள்?” என்று கேட்பார்கள்.

இந்த ஏரிக்கும், கணினியிலும் கைப்பேசியிலும் நாம் தொடும் பொத்தான்களுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டு. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அதைக் காட்டிற்று.

வெள்ளத்தில் பிறந்த வரைபடம்

அந்த மாதம் முதல் தேதியன்று ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் வெளியேற்றப்பட்டது. அது திருநீர்மலை அருகே அடையாற்றில் கலந்தது. ஏற்கனவே வழியெங்கும் பெய்த மழையால் ஆறு பெருகியிருந்தது. மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எனக் கரையோரப் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. எந்தத் தெருவில் போகலாம், எந்தத் தெருவில் போகக் கூடாது என்பதே அப்போது பெரிய கேள்வி.

அந்த நாட்களிலேயே இணையத்தில் ஒரு வரைபடம் தோன்றிற்று. மேப்பாக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அருண் கணேஷ் அதை அமைத்தார். அதில் ஒருவர் தம் தெருவைத் தொட்டால், அங்கே தண்ணீர் நிற்கிறது என்று குறி விழும். அதை ஊரெல்லாம் பார்க்கலாம். ஜனங்களே இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்களைக் குறித்துவிட்டார்கள். வேறு சில தொண்டர்கள், தங்க இடம் தருவோர், உணவு தருவோர் ஆகியோரின் பட்டியல்களைத் திரட்டி வெளியிட்டார்கள்.

இவ்வளவு விரைவில் எப்படி முடிந்தது? எல்லாவற்றையும் புதிதாகச் செய்யவில்லை, அதுவே ரகசியம். தெருக்களின் விவரம் ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்ற பொது வரைபடத்தில் முன்பே இருந்தது. படத்தைப் பெரிதாக்கவும், நகர்த்தவும், தொட்ட இடத்தை அறியவும் வேண்டிய உறுப்புகள் ஆயத்தமாகக் கிடைத்தன. தொட்ட தெருவில் குறியிடும் வேலையை மட்டும் சேர்த்தால் போதுமானதாயிற்று.

ஒரு பொத்தானுக்குள் இத்தனை வேலையா?

தையற்காரரிடம் துணி கொடுத்துக் காத்திருந்த காலம் போய், கடையில் ரெடிமேட் சட்டை வாங்கும் காலம் வந்தது. திரை அமைப்பிலும் அதே கதைதான். பொத்தான், பெயர் எழுதும் கட்டம், தேர்ந்தெடுக்கும் பட்டியல், தேதி காட்டும் நாட்காட்டி ஆகிய எல்லாம் தயாராகக் கிடைக்கின்றன. வேண்டியவற்றை எடுத்து வரிசைப்படுத்தி இணைப்பதே வேலை.

பொத்தான் என்பது அற்ப விஷயம் என்று எண்ண வேண்டாம். விரல் பட்டதும் அது அமுங்கியது போலத் தோன்ற வேண்டும். மனம் மாறி விரலை வெளியே நகர்த்தி எடுத்தால், காரியம் நடக்கக் கூடாது. உபயோகிக்க முடியாத வேளையில் மங்கிக் காட்ட வேண்டும். கண் பார்வையற்றவர் கைப்பேசியைக் கேட்டே அறிகிறார். அவருக்கு “இது பொத்தான், இதன் பெயர் இது” என்று குரல் வழியே சொல்ல வேண்டும். இவற்றையெல்லாம் ஒவ்வொருவரும் முதலிலிருந்து எழுதினால் நாட்கள் ஓடிவிடும். நல்ல ஆயத்த உறுப்பில் இவை முன்பே அமைந்திருக்கும்.

இது நேற்று வந்த யோசனையும் அல்ல. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் 1973-இல் ‘ஆல்ட்டோ’ என்ற கணினி பிறந்தது. சாளரங்களும் சுட்டெலியும் கொண்ட முகப்புக்கு அங்கே வழி பிறந்தது. 1984-இல் வந்த ஆப்பிள் மெக்கின்டாஷ், பொத்தான், பட்டியல் முதலியவற்றுக்கான நிரல்களைக் கணினிக்குள்ளேயே நிரந்தரமாகப் பதித்துக் கொடுத்தது. 1991-இல் மைக்ரோசாப்டின் விஷுவல் பேசிக் வந்தபின், பொத்தானை எலியால் இழுத்து வைத்தே திரை அமைக்கலாம் என்றாயிற்று. சென்னையில் வேரூன்றி வளர்ந்த ஜோஹோ நிறுவனமும் 2006-இல் ‘கிரியேட்டர்’ என்ற சாதனத்தை வெளியிட்டது. அதில் கட்டங்களை இழுத்து வைத்தே ஒரு படிவத்தைத் தயாரிக்கலாம்.

கை நீளம் போதவில்லை!

ஆனால் ரெடிமேட் சட்டையில் ஒரு சங்கடம் உண்டு. அது நம் அளவுக்குத் தைத்தது அல்ல. திரை உறுப்புகளில் பலவும் ஆங்கிலச் சொற்களின் அளவை மனத்தில் வைத்துச் செய்தவை. ஆங்கிலத்தில் நான்கே எழுத்தில் ‘சேவ்’ என்று முடிவது, தமிழில் ‘சேமிக்கவும்’ என்று நீள்கிறது. சொல் நீண்டால் பொத்தான் என்ன செய்யும்? பல உறுப்புகள் பாதியில் வெட்டி மூன்று புள்ளி வைத்துவிடும்.

கடைக் கணக்கில் இப்படி நேர்ந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். வெள்ள எச்சரிக்கையில் நேர்ந்தால்? சற்று யோசித்துப் பாருங்கள். ஒரு திரையில் ‘பாலத்தைக் கடக்கலாம்’ என்று ஒரு செய்தி. மற்றொரு வேளையில் ‘பாலத்தைக் கடக்கக் கூடாது’ என்று ஒரு செய்தி. இரண்டையும் வெட்டினால் மிஞ்சுவது ஒன்றே: ‘பாலத்தைக் கடக்க…’!

ஆங்கிலத்தில் ‘கூடாது’ என்ற பொருள் வாக்கியத்தின் முற்பகுதியிலேயே வந்துவிடும். வாலை வெட்டினாலும் தடை தெரியும். தமிழிலோ வினை முற்றுவது கடைசியில். ‘ஆம்’ என்பதும் ‘இல்லை’ என்பதும் அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கின்றன. ஆகவே, ஆங்கிலத்தில் அழகுக் குறைவாக மட்டும் இருக்கும் ஒரு பிழை, தமிழில் உயிருக்கே அபாயமாக முடியலாம். உறுப்பைச் செய்தவர் மேல் குற்றமில்லை. அவர் அடையாற்றங்கரையை நினைத்துச் செய்யவில்லை. அதை எடுத்து இங்கே பொருத்துகிறவர்தான் நினைக்க வேண்டும்.

தையற்காரர் காட்டும் வழி

இதற்காக ரெடிமேட் சட்டையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. நல்ல சட்டையில் உள்மடிப்பு விட்டிருப்பார்கள். பிரித்துத் தைத்தால் கை நீளும். நல்ல திரை உறுப்பிலும் அப்படியே இடம் உண்டு. ‘சொல்லை வெட்டாதே, அடுத்த வரிக்குக் கொண்டு போ’ என்று அமைக்கலாம். ‘சொல்லுக்கு ஏற்றபடி பொத்தானே வளரட்டும்’ என்றும் அமைக்கலாம். அந்த வசதி இல்லாத உறுப்பை வாங்காமல் விடுவதே மேல்.

அமைத்தபின் சோதனை அவசியம். சோதிப்பவர் ஆங்கிலத்தில் பார்த்துத் திருப்தி அடையலாகாது. இருப்பதிலேயே நீண்ட தமிழ் வாக்கியத்தை இட்டுப் பார்க்க வேண்டும். சிறிய திரையுள்ள மலிவான கைப்பேசியில் பார்க்க வேண்டும். வயதானவர்கள் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். அந்த அளவிலும் பார்க்க வேண்டும். ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னும் கால் பின்னும் பிரியாமல் நிற்கிறதா, ‘கூ’ என்ற எழுத்தின் அடிப்பகுதி நறுக்கப்படாமல் தெரிகிறதா என்றும் கவனிக்க வேண்டும். ஒரு பிற்பகல் செலவிட்டால் தீர்ந்துவிடும் வேலை இது.

வெள்ள நேரத்தில் சில மணி நேரத்தை மிச்சப்படுத்துவது பெரிய உபகாரம். ஆயத்த உறுப்புகள் அதைச் செய்கின்றன. 2015 அதற்குச் சாட்சி. ஆனால் விரைவாக வந்த செய்தி முழுமையாகவும் வர வேண்டும் அல்லவா? வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்னார்கள் பெரியோர்கள். ஏரிக்கரையில் வானம் தெளிவாக இருக்கும் நாளிலேயே, நம் திரைகளில் கடைசிச் சொல் முழுதாகத் தெரிகிறதா என்று பார்த்து வைப்போம். ‘கடக்கலாம்’ என்பதற்கும் ‘கடக்கக் கூடாது’ என்பதற்கும் நடுவே நிற்பது ஓர் உயிராக இருக்கலாம்.