பெட்ரோல் கணக்கும் பிள்ளை மேல் சந்தேகமும்

எங்கள் கார் 2012-ல் வாங்கியது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோல் செலவு திடீரென்று கூடவே, "எனக்குத் தெரியாம ஊர் சுத்தறியா?" என்று காலேஜ் படிக்கும் மகனைக் கடிந்துகொண்டேன். இரண்டு நாள் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகுதான் நோட்டுப் போட்டேன். டாங்கை நிரப்பி மீட்டரைக் குறித்தேன். அடுத்த முறை நிரப்பியபோது, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்தேன். மூன்று தடவையும் 15தான்! ஊர் சுற்றினால் கிலோமீட்டர் அல்லவா கூடும்? லிட்டருக்கு ஓடுவது ஏன் குறைகிறது?

எஞ்சினில் பழுதில்லை என்றார் மெக்கானிக். பெட்ரோலில் எத்தனால் 2022-ல் 10 சதவீதம். 2025-ல் 20 ஆகிவிட்டது. கரும்பு, மக்காச்சோளம், அரிசியிலிருந்து எடுப்பது. விவசாயிக்கு வருமானம், அந்நியச் செலாவணி மிச்சம், நல்லதுதான். ஆனால் அதற்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சூடு குறைவு. சவுக்கு விறகோடு முருங்கைக் கட்டையைச் சேர்த்து எரித்த மாதிரி! 20 சதவீதக் கலப்பில் பழைய ரகக் கார்களுக்கு 6 - 7 சதவீதம், அதற்கென்றே தயாரான கார்களுக்கு 1 - 2 சதவீதம் மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக் 2021-லேயே கணித்திருக்கிறது.

டயரில் காற்றைச் சரிபாருங்கள். டிக்கியில் வேண்டாத சுமையை இறக்குங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும்; மாதக்கணக்கில் வண்டியைச் சும்மா நிறுத்தாதீர்கள்.

அன்றிரவு மகனுக்குப் பிடித்த அடை, அவியல். "தப்பு என் மேலதான்டா" என்றேன். சிரித்துவிட்டான்.