கும்மித் திடலில் மார்க் கிடையாது! பிள்ளைகளின் மனசை லேசாக்கும் கொங்கு மண்ணின் வள்ளி கும்மி

இரவு எட்டு மணி. கோயில் திடலில் டியூப் லைட் எரிகிறது. ஹோம்வொர்க்கை அரைகுறையாக முடித்துவிட்டு ஓடிவந்த ஏழாம் வகுப்புப் பையன், மில் ஷிஃப்ட் முடிந்து வந்த அவன் அம்மா, முட்டி வலி என்று பகலெல்லாம் முனகிய அப்பத்தா... மூன்று பேரும் ஒரே வட்டத்தில் நிற்கிறார்கள். ஆசிரியர் மைக்கில் பாட ஆரம்பித்ததும் வட்டம் நகர்கிறது. கால் அடி வைக்க, கை கொட்ட, வாய் கூடவே பாடுகிறது.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துக் கிராமங்களில் சில வருடங்களாக இது வழக்கமான காட்சி. முருகனுக்கும் வள்ளிக்கும் நடந்த காதல் கதையைப் பாட்டாகப் பாடி ஆடும் வள்ளி கும்மிதான் அது. இரண்டு மூன்று மாதம் பயிற்சி, அப்புறம் ஊரே கூடி அரங்கேற்றம்.

ஒரு காலத்தில் இது ஆண்கள் மட்டுமே ஆடிய கலை. மேட்டுப்பாளையம் பக்கத்தைச் சேர்ந்த கும்மி ஆசிரியர் எம்.பத்திரப்பன் அந்த வழக்கத்தை மாற்றி, பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 2024-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது வயது 87. இன்று பல ஊர்களில் ஆடும் கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்களும் பெண் குழந்தைகளும்தான்.

சரி, கும்மிக்கும் பிள்ளைகளின் மனநலத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்களில் 7.3 சதவிகிதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்னை இருப்பது தெரியவந்தது. நாற்பது பேர் படிக்கும் ஒரு வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர். மார்க், ரேங்க், நீட், ஹாஸ்டல் என்று எட்டாம் வகுப்பிலேயே ஓட ஆரம்பிக்கும் கொங்குப் பகுதிப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

'பிள்ளையைப் பாட்டு கிளாஸில் சேர்த்தால் மூளை வளரும், மனசு அமைதியாகும்' என்ற பேச்சை எல்லோரும் கேட்டிருப்போம். ஆராய்ச்சிகள் சொல்வது கொஞ்சம் வேறு மாதிரி. கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் கிளென் ஷெல்லன்பெர்க் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்குக் கீபோர்டு, ஒன்றுக்குப் பாட்டு, ஒன்றுக்கு நாடகம். நான்காவது குழுவுக்கு எந்த வகுப்பும் இல்லை. இசை கற்ற பிள்ளைகளின் நுண்ணறிவு மதிப்பெண் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக உயர்ந்தது. ஆனால், மற்றவர்களோடு பழகும் விதத்தில் முன்னேற்றம் தெரிந்தது நாடகக் குழுவில்தான்!

அதாவது இசை வகுப்பில் உட்கார்ந்தாலே மனசு மலர்ந்துவிடும் என்று சொல்ல முடியாது. யாரோடு சேர்ந்து, எப்படிக் கற்கிறார்கள் என்பதும் முக்கியம்.

ஜெர்மனியில் நடந்த இன்னொரு ஆய்வு இதைத் தெளிவாகவே காட்டியது. செபாஸ்டியன் கிர்ஷ்னர், மைக்கேல் டொமசெல்லோ இருவரும் 2010-ல் வெளியிட்டது. நான்கு வயதுக் குழந்தைகள் இருவர் இருவராக விளையாடினார்கள். சிலருக்குப் பாட்டும் தாளமும் ஆட்டமும் சேர்ந்த விளையாட்டு. மற்றவர்களுக்கு அதே விளையாட்டு, இசை மட்டும் இல்லை. பிறகு பார்த்தால், சேர்ந்து பாடி ஆடிய குழந்தைகள்தான் கூட இருக்கும் குழந்தைக்கு அதிகமாக உதவினார்கள், ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்தார்கள்.

கும்மி வட்டத்தில் நடப்பதும் இதுதான். நூறு பேர் ஒரே நேரத்தில் கை கொட்டும்போது, யாரோடும் அதிகம் பேசாத பிள்ளையும் அந்தச் சத்தத்தில் ஒரு பங்கு. அடி தவறினால் யாரும் திட்டுவதில்லை. பக்கத்தில் ஆடும் அக்காவின் காலைப் பார்த்து அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்ளலாம். முதல் ரேங்க், கடைசி ரேங்க் என்ற பேச்சே இல்லை. உடம்பு வியர்க்கிறது, இரண்டு மணி நேரம் கையில் போன் இல்லை. பாடும்போது மூச்சை நீளமாக, மெதுவாக விடுகிறோம். பதற்றத்தில் படபடக்கும் இதயத் துடிப்பைத் தணிப்பதும் அந்த நீண்ட மூச்சுதான். வீட்டுக்கு வந்ததும் 'அம்மா, பசிக்குது' என்று கேட்டுச் சாப்பிட்டுவிட்டு, படுத்ததும் தூங்கிப்போகும் பிள்ளையைப் பார்க்க எந்த அம்மாவுக்குத்தான் பிடிக்காது?

கோவை நகரத்தில் நிலைமை வேறு. ஆர்.எஸ்.புரத்திலும் சாய்பாபா காலனியிலும் கீபோர்டு, வயலின், கர்னாடக சங்கீத வகுப்புகளுக்குக் குறைவில்லை. கர்னாடக இசையின் முதல் பாடமான சரளி வரிசையை, மாயாமாளவகௌளை ராகத்தில் மூன்று காலங்களில் பாடப் பழக்குவார்கள். முதலில் மெதுவாக, பிறகு இரண்டு மடங்கு, அப்புறம் நான்கு மடங்கு வேகம். நேற்று வராதது இன்று வருவதைப் பிள்ளை தன் காதாலேயே கேட்கும் பாடம் அது. ஆனால், மேத்ஸ் டியூஷனுக்கும் ஹிந்தி கிளாஸுக்கும் நடுவில் செருகப்பட்டு, 'இந்த வருஷம் கிரேடு எக்ஸாம் முடிச்சே ஆகணும்' என்று ஆகும்போது, அதுவும் இன்னொரு டியூஷன்தான். வகுப்புக்குக் கிளம்பும்போதெல்லாம் பிள்ளைக்கு வயிறு வலிக்கிறது என்றால், காரணம் அந்தக் கிரேடு எக்ஸாமாகவும் இருக்கலாம்.

கும்மியிலும் எல்லாமே இனிப்பு இல்லை. சில மேடைகளில் சாதிப் பெருமை பேசுவதும், சொந்தச் சாதியில்தான் கல்யாணம் செய்வோம் என்று பெண் பிள்ளைகளை உறுதிமொழி எடுக்க வைத்ததும் விமர்சனத்துக்கு உள்ளாயின. மனசை லேசாக்க வந்த இடத்தில் பிள்ளை தலையில் இதை ஏற்றுவது அநியாயம். சேர்க்கும் முன், ஒரு நாள் திடலுக்குப் போய் என்ன பாடுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று பெற்றோர் பார்த்துவிடுவது நல்லது.

திடல் இல்லாத ஊர்க்காரர்களுக்கும் வழி இருக்கிறது. தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயதுப் பிள்ளைகள் குறைந்த கட்டணத்தில் பாட்டு, நடனம், ஓவியம் கற்கலாம். அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவும் கூட்டமாகப் பாடி ஆட ஒரு வாய்ப்பு. பாட்டோ, பறையோ, கும்மியோ... எதில் சேருவது என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். இரண்டு மாதம் போய்விட்டு 'எனக்குப் பிடிக்கல' என்றால், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் கவனம். பாட்டும் கும்மியும் சிகிச்சைக்கு மாற்று இல்லை. தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, நண்பர்களிடமிருந்து ஒதுங்குவது, 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்று அடிக்கடி சொல்வது போன்றவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் டாக்டரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். உயிரை விடுவதைப் பற்றி ஒருமுறை பேசினாலும் ஒருநாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் கட்டணம் இல்லாமல் தமிழிலேயே பேசலாம். பெற்றோரும் கூப்பிடலாம், பிள்ளைகளும் கூப்பிடலாம்.