கதிரொளியும் மின்னாக்கமும்

சிற்றாறு பொருநையோடு கலக்குமிடம் சீவலப்பேரி. முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல் இவ்வூரே என்பர் அறிஞர். ஓடும் நீரை அணையில் தடுத்து, வாய்க்கால் வழியே வயலுக்குக் கொணரும் கலையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். அந்நீரைப் போன்றே நாள்தோறும் நம் கூரைகளின்மீது பொழியும் மற்றொரு வளம் கதிரொளி. அதனை மின்னாக்கும் தகடுகள் நமக்கு அண்மையிலேயே உருவாகின்றன. சிற்றாற்றங்கரைக் கங்கைகொண்டானில், ஆண்டுக்கு 4.3 கிகாவாட் அளவுக்குச் சூரிய மின்கலங்களையும் தகடுகளையும் செய்யவல்ல டாட்டா பவர் குழுமத்தின் ஆலை, 2025 பிப்ரவரி 6 அன்று தமிழக முதலமைச்சரால் திறந்துவைக்கப்பட்டது. அண்டையூரில் விளையும் பொருளின் இயல்பை நாம் அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?

வெயில் சுடச்சுட மின்சாரம் பெருகும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. தகட்டுக்கு வேண்டுவது ஒளி. வெப்பம் அதற்குப் பகை. இவ்வொன்றை உணர்ந்தால் பிறவெல்லாம் எளிதில் விளங்கும்.

ஒளி பட்டால் மின்னோட்டம் தோன்றுவதை 1839-இல் பிரெஞ்சு அறிஞர் பெக்கரல் கண்டார். ஒளி சிறுசிறு ஆற்றல் துகள்களாக வந்து எலக்ட்ரான்களைப் பெயர்க்கிறது என 1905-இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் பயன்படத்தக்க சிலிக்கன் மின்கலத்தை உருவாக்கியது. அது தன்மீது பட்ட ஒளியில் ஏறத்தாழ 6 விழுக்காட்டையே மின்னாக்கியது. இன்றைய தகடுகள் 20 விழுக்காட்டுக்கு மேல் ஆக்குகின்றன.

மின்கலம் என்பது மெல்லிய சிலிக்கன் வில்லை. அதன் ஒரு பக்கத்தில் பாஸ்பரசும் மறுபக்கத்தில் போரானும் மிகச் சிறிதளவு கலக்கப்பட்டிருக்கும். முன்னதால் எலக்ட்ரான் மிகும். பின்னதால் எலக்ட்ரானுக்குரிய வெற்றிடம் மிகும். இரண்டும் சந்திக்கும் எல்லையில் ஒரு மின்புலம் அமைகின்றது. ஒளித்துகள் பட்டு விடுபட்ட எலக்ட்ரானை அம்மின்புலம் ஒரே திசையில் செலுத்துகின்றது. கம்பி வழியே அது சுற்றிவருவதே மின்னோட்டம். ஒரு கலம் தருவது அரை வோல்ட்டுக்குச் சற்று மிகுதி. ஆதலின் பல கலங்களைத் தொடராக இணைத்துத் தகடு ஆக்குகின்றனர்.

தொடரிணைப்பில் ஓர் இடர்ப்பாடு உண்டு. வாய்க்காலில் ஓரிடம் தூர்ந்தால் கடைமடை வாடுவது போல, ஒரு கலத்தின்மீது நிழல் விழுந்தாலும் அதனோடு இணைந்த கலங்களின் ஓட்டம் குன்றும். தென்னங்கீற்றின் நிழலும், தண்ணீர்த் தொட்டியின் நிழலும், படிந்த தூசும் அளவுக்கு மீறிய இழப்பைத் தருவது இதனாலேயே.

வெப்பமும் அவ்வாறே. கலத்தின் வெப்பநிலை 25 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் திறன் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 விழுக்காடு குறையும். கோடை நண்பகலில் அது 65 பாகையை எட்டினால், திறனில் ஏழில் ஒரு பங்கு போய்விடும். எனவே தகட்டைத் தளத்தோடு ஒட்டிப் பதித்தலாகாது. அடியில் காற்று உலவ இடைவெளி வேண்டும்.

சீவலப்பேரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ எட்டேமுக்கால் பாகையில் உள்ளது. இங்குத் தகட்டைத் தெற்கு நோக்கிப் பத்துப் பாகை சாய்த்தால் போதும். மழைநீர் தூசைக் கழுவிச் செல்லவும் அச்சாய்வு உதவும். ஆனி, ஆடி மாதங்களில் கணவாய்வழி வீசும் காற்று, தகட்டைப் பாய்மரம் போல் தூக்க முயலும். ஆகவே துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டங்களைத் தளத்தில் உறுதியாகப் பிணைத்தல் இன்றியமையாதது. நில இணைப்பும் இடிதாங்கியும் தவிர்க்கத்தக்கன அல்ல.

தகடு தருவது நேர்மின்னோட்டம். இன்வெர்ட்டர் அதனை வீட்டுக்குரிய மாறுமின்னோட்டம் ஆக்குகின்றது. மிகுதி மின்வாரியக் கம்பிக்குச் செல்லும். இருவழி மீட்டர் வரவையும் செலவையும் கணக்கிடும். மின்தடை நேர்ந்தால், மின்கல அடுக்கு இல்லாத இவ்வமைப்பும் நின்றுவிடும். இது பழுதன்று. கம்பத்தில் ஏறிப் பணிசெய்யும் தொழிலாளியின் உயிரைக் காக்கவே அவ்வாறு அமைத்துள்ளனர். முன்பே இதனை அறியாதார் பின்னர் ஏமாந்தோம் என வருந்துவர்.

ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி இடம் வேண்டும். நல்ல வெயில் நாளில் நான்கு யூனிட் அளவில் கிடைக்கும். 2024-இல் தொடங்கிய நடுவணரசுத் திட்டம், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் அமைக்கும் வீட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வழங்குகின்றது. எஞ்சிய தொகை நடுத்தரக் குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு. விற்போர் சொல்லை மட்டும் நம்பி அதனைச் செலவிடலாமா?

மாணவச் செல்வங்கள் இங்கே துணைநிற்கலாம். தகடு அமைக்க விரும்பும் அண்டைவீட்டாரின் மாடியில் காலை ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், மாலை மூன்று மணிக்கும் நின்று, நிழல் எங்கே விழுகின்றது எனச் சுண்ணக்கட்டியால் கோடிட்டுக் காட்டுங்கள். மார்கழியில் ஒருமுறையும் ஆனியில் ஒருமுறையும் அதனைச் செய்யுங்கள். வகுப்பறையில் கற்ற இயற்பியல், ஒரு குடும்பத்தின் பொருளைக் காக்கும் கல்வியாகப் பயன்தரும்.