டொர்னாடோவுக்குப் பின் அறுபது நாள்கள்

2011 மே 22, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள ஜாப்ளின் நகரில் மாலை 5.11 மணிக்கு முதல் சைரன் ஒலித்தது. ஊரின் தென்மேற்கு ஓரத்தில் டொர்னாடோ என்னும் சுழற்காற்று தரை தொட்டது 5.34க்கு. இருபது நிமிடத்துக்கு மேல் அவகாசம் இருந்தும் 158 பேர் இறந்தார்கள். பெரும்பாலான வீடுகளில் நிலவறை இல்லை என்பது ஒரு காரணம். இன்னொன்றை அரசின் விசாரணை பிற்பாடு எடுத்துச் சொன்னது: முதல் சைரனைக் கேட்ட பலர் அசையவில்லை. அந்த ஊரில் சைரன் அடிக்கடி ஊதும், ஊதிவிட்டு ஒன்றும் நடக்காது. ஆகவே தொலைக்காட்சியைப் போட்டார்கள், வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்கள். மழைத் திரைக்குள் மறைந்து வந்ததால் சுழற்காற்று கண்ணுக்கும் தெரியவில்லை.

அந்த ஆண்டு அமெரிக்காவில் டொர்னாடோவுக்குப் பலியானவர்கள் 550க்கும் மேல். ஏப்ரல் 25 முதல் 28 வரையிலான நான்கு நாளில் மட்டும் சுமார் 360 டொர்னாடோக்கள் உருவாகின. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள், அவர்களில் பெரும்பகுதி அலபாமா மாநிலத்தவர்.

இதைத் தமிழில் எழுத ஒரு காரணம் இருக்கிறது. டாலஸ், ஆஸ்டின், செயின்ட் லூயிஸ், நாஷ்வில் என்று டொர்னாடோ வரும் ஊர்களில் நம் பிள்ளைகள் குடியிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்க அப்பா அம்மா விமானம் ஏறுவது பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில். டொர்னாடோ பருவத்தின் உச்சமும் அதே மாதங்கள்தான். மகனும் மருமகளும் அலுவலகம் போய்விட்ட வீட்டில் சைரன் கேட்டால் என்ன செய்வது என்று யாராவது அவர்களிடம் சொல்லியிருக்கிறோமா?

சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ‘வாட்ச்’ என்றால் டொர்னாடோ உருவாகக்கூடிய வானிலை, காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். ‘வார்னிங்’ என்றால் ரேடாரில் சுழற்சி தெரிந்துவிட்டது அல்லது யாரோ நேரில் பார்த்துவிட்டார்கள், உடனே ஒளிய வேண்டும். சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கிடைக்கும், சில நேரம் அதுவும் கிடைக்காது. நிலவறை இருந்தால் அங்கே. டெக்சஸ் வீடுகளில் அது அபூர்வம் என்பதால், கீழ்த்தளத்தில் ஜன்னலே இல்லாத குளியலறை அல்லது துணி அலமாரி அறை. தலைக்கு ஹெல்மெட், மேலே மெத்தை, காலில் ஷூ. ஷூ ஏன் என்றால், வெளியே வரும்போது தரையெல்லாம் ஆணியும் கண்ணாடியுமாக இருக்கும். காற்றழுத்தம் சமமாகட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்வது பழைய பொய். மேம்பாலத்தின் அடியில் ஒதுங்குவது அதைவிட மோசம். 1999 மே 3 அன்று ஒக்லஹோமாவில் அப்படி ஒதுங்கிய இடங்களில் உயிர்கள் போயின. சக்கரம் வைத்துக் கொண்டுவந்து இறக்கும் மொபைல் ஹோம்களில் இருப்பவர்கள் ‘வாட்ச்’ அறிவிப்பிலேயே வேறு உறுதியான கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். மக்கள்தொகையில் சிறு பங்கினரே அவற்றில் வாழ்கிறார்கள், டொர்னாடோ சாவுகளிலோ அவர்கள் பங்கு மிகப் பெரிது.

சைரனை மட்டும் நம்ப வேண்டாம். அது வெளியே நிற்பவர்களுக்காக வைத்தது. ஏசி ஓடும் வீட்டுக்குள் கேட்காமல் போகலாம். 2025 மே 16 அன்று செயின்ட் லூயிஸ் நகரை டொர்னாடோ தாக்கியபோது நகர நிர்வாகம் சைரனை ஒலிக்கவே இல்லை. கைப்பேசியில் அவசர எச்சரிக்கைகள் அணைக்கப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஊரிலிருந்து வந்த பெற்றோர் வைத்திருக்கும் இந்திய சிம் போட்ட போனை நம்பி இராமல், வீட்டில் ஒரு வானிலை வானொலிப் பெட்டி வாங்கி வைப்பது உத்தமம்.

வேலையிடத்தில் இருக்கும்போது வார்னிங் வந்தால்? 2021 டிசம்பர் 10 இரவு கென்டக்கியின் மேஃபீல்டில் ஒரு மெழுகுவர்த்தித் தொழிற்சாலை ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே இடிந்தது. வீட்டுக்குப் போனால் வேலை போகும் என்று மேற்பார்வையாளர்கள் மிரட்டியதாகத் தொழிலாளர்கள் சிலர் சொன்னார்கள், நிறுவனம் மறுத்தது. அதே இரவில் இல்லினாய்ஸின் எட்வர்ட்ஸ்வில்லில் ஒரு கிடங்கு சரிந்து ஆறு பேர் இறந்தார்கள். கூட்டாட்சித் தொழிற்பாதுகாப்புத் துறையான ஓஷா விசாரித்து, அபராதம் எதுவும் விதிக்காமல், ஏற்பாடுகளை மேம்படுத்தச் சொல்லி ஒரு கடிதம் மட்டும் அனுப்பியது. டொர்னாடோவுக்கென்று தனி விதி அந்தத் துறையிடம் இல்லை என்பதுதான் கசப்பான நிலை. இருப்பினும் கையில் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. சாவோ பெருங்காயமோ நேரும் என்று நியாயமாக அஞ்சக் காரணம் இருந்து, முறையிட்டுத் தீர்வு காண நேரமும் இல்லையென்றால் வேலையை மறுக்கலாம். அதற்காகப் பழிவாங்கினால் 30 நாளுக்குள் ஓஷாவிடம் புகார் தர வேண்டும். இந்த 30 நாளைத் தவறவிட்டவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

காற்று ஓய்ந்த பின்னும் உடம்புக்கு ஆபத்து ஓயாது. ஜாப்ளினில் காயத்துக்குள் மண்ணும் மரத்தூளும் புகுந்து, மியூகோர்மைக்கோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்று 13 பேரைப் பிடித்தது. கொரோனா காலத்தில் கறுப்புப் பூஞ்சை என்று நாம் அஞ்சியதன் குடும்பம். ஐந்து பேர் இறந்தார்கள். சிராய்ப்புதானே என்று விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கராஜிலோ ஓட்டவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இனிப் பணம். வீட்டுக் காப்பீடு காற்றுச் சேதத்தை ஏற்கும், வெள்ளத்தை ஏற்காது. ஆனால் காற்று, ஆலங்கட்டி மழைக்கான டிடக்டிபிள், அதாவது முதலில் நம் கையிலிருந்து போட வேண்டிய தொகை, பல பாலிசிகளில் தனியாக ஒரு சதவீதக் கணக்கில் இருக்கும். 4 லட்சம் டாலர் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் 8,000 டாலர் நம் தலையில். இதைப் பருவம் தொடங்கும் முன் படித்துப் பார்த்தவர் குறைவு. பழுது பார்க்கும் வரை வெளியே தங்கும் செலவும் பெரும்பாலான பாலிசிகளில் உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். சுத்தம் செய்யும் முன் ஒவ்வொரு அறையையும் படம் எடுங்கள். கூரைக்குத் தார்ப்பாய் போட்டு மேற்கொண்டு சேதமாகாமல் காப்பது உங்கள் கடமை; அந்த ரசீதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுங்கள். காசோலையில் வீட்டுக்கடன் வங்கியின் பெயரும் சேர்ந்து வரும், இரண்டு கையெழுத்தும் இல்லாமல் பணமாகாது. அடுத்த நாளே வங்கியை அழைத்தவர்களுக்கு வேலை சீக்கிரம் நடக்கும். தொகை குறைவாகத் தோன்றினால் எழுத்தில் மறுபரிசீலனை கேட்கலாம். அதற்கும் மசியாவிட்டால் மாநிலக் காப்பீட்டுத் துறையில் இலவசமாகப் புகார் தரலாம்.

இடிபாடு ஆறும் முன்பே கதவைத் தட்டுபவர் ஒருவர் இருப்பார். வெளிமாநில எண் பலகை போட்ட பிக்கப் வண்டி, கையில் ஒப்பந்தத் தாள். ‘உங்கள் டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்பார். டெக்சஸில் 2019 முதல் இது குற்றம். வேறு பல மாநிலங்களிலும் சட்டவிரோதம். ஆசையில் கையெழுத்துப் போட்டுவிட்டாலும், வீட்டு வாசலில் செய்த விற்பனையை மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்யக் கூட்டாட்சி விதி இடம் தருகிறது. முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்பவரை அப்படியே வழியனுப்பிவிடுங்கள்.

அரசு உதவி என்பது தானாக வருவதல்ல. மாநில ஆளுநர் கேட்க வேண்டும், அமெரிக்க அதிபர் பேரிடர் என அறிவிக்க வேண்டும். அதன் பிறகே ஃபீமா என்னும் பேரிடர் முகமை தனிநபர்களுக்குப் பணம் தரும். செயின்ட் லூயிஸ் மக்கள் 2025 மே 16 தொடங்கி ஜூன் 9 வரை இதற்காகக் காத்திருந்தார்கள். அதே ஆண்டு மார்ச் டொர்னாடோக்களுக்காக ஆர்கன்சா கேட்டபோது முதலில் மறுப்புதான் வந்தது. மாநிலம் மேல்முறையீடு செய்தது, மே மாதத்தில் ஒப்புதல் கிடைத்தது. ஒரு மாநிலமே இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்கும்போது, தனி ஆள் ஒரே கடிதத்தில் சோர்ந்து போவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

பேரிடர் அறிவிப்பு வந்த நாளிலிருந்து பொதுவாக 60 நாள் விண்ணப்பிக்கலாம். ‘தகுதியில்லை’ என்று வரும் கடிதங்கள் பல, உண்மையில் ஏதோ ஒரு தாள் குறைகிறது என்பதன் மறுபெயர்: காப்பீட்டு நிறுவனத்தின் முடிவுக் கடிதம், வீடு உங்களுடையது என்பதற்கான சான்று, அங்கே குடியிருந்ததற்கான மின் ரசீது. கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், தச்சரின் மதிப்பீட்டுத் தாளையும் சேர்த்து அனுப்பலாம். 2024 அக்டோபர் முதலான நிதியாண்டில் வீட்டுக்கு உச்சவரம்பு 43,600 டாலராக இருந்தது. பெரும்பாலோருக்குக் கிடைப்பது இதில் சிறு பங்கு, காப்பீட்டுக்கு இது மாற்று ஆகாது. விண்ணப்பத்துக்கோ வீட்டுச் சோதனைக்கோ ஃபீமா கட்டணம் வாங்குவதில்லை, வாங்குபவர் மோசடிக்காரர்.

விசாவில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு நுணுக்கம். எச்1பி, எஃப்1 விசாக்காரர்களுக்கு ஃபீமா ரொக்கம் கிடையாது. குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்போர், அகதிகள் போன்றோருக்கே. ஆனால் அமெரிக்காவில் பிறந்து குடியுரிமை பெற்ற குழந்தை வீட்டில் இருந்தால், அந்தக் குழந்தையின் பெயரிலும் சமூகப் பாதுகாப்பு எண்ணிலும் பெற்றோர் விண்ணப்பிக்க விதி உண்டு. முகாம், உணவு, மனநல ஆலோசனை, இலவசச் சட்ட உதவி ஆகியவற்றுக்கு விசா வகை தடையல்ல. சந்தேகம் இருந்தால் அந்தச் சட்ட உதவியிடம் முதலில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரின் காப்பீட்டை நம்பக் கூடாது. அது சுவருக்கும் கூரைக்கும். உங்கள் லேப்டாப்புக்கும் கட்டிலுக்கும் அல்ல. குறைந்த மாதக் கட்டணத்தில் வாடகைதாரர் காப்பீடு கிடைக்கிறது. வீடு முற்றிலும் குடியிருக்கத் தகாததாகிவிட்டால், டெக்சஸ் சட்டப்படி பழுது முடியும் முன் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். அந்த அறிவிப்பின் நகலை வைத்திருங்கள், முன்பணத்தைத் திரும்பக் கேட்கும்போது அதுதான் கைகொடுக்கும்.