கூகை தரையில் கிடந்தால்

மாணவர்களே, ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்கள் வழியாகப் போகிறவர்கள், உயரமான கம்பத்தின் மேல் ஒரு பெட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கூகையின் வீடு. மலாயில் அதன் பெயர் புங்கோக் ஜெலாப்பாங். ஜெலாப்பாங் என்றால் நெற்களஞ்சியம். நம் பாட்டிமார் சாக்குருவி என்பார்கள், அது கத்தினால் சாவு விழும் என்பார்கள். எலிக்குத்தான் சார் சாவு விழுகிறது என்று என் வகுப்பு மாணவி ஒருத்தி சொன்னாள். சரியான பதில்.

1960-களுக்கு முன் தீபகற்ப மலேசியாவில் கூகை அரிய பறவை. செம்பனை பரவியது, பழத்தைத் தின்ன எலி பெருகியது, எலியைத் தேடிக் கூகை வந்தது. ஆனால் கூகை கூடு கட்டத் தெரியாத பறவை. பொந்தில்தான் முட்டையிடும். செம்பனையில் அதற்கேற்ற பொந்து கிடையாது. அதனால் தோட்ட நிர்வாகங்கள் ஐந்து முதல் பத்து ஹெக்டருக்கு ஒன்று என்ற கணக்கில் பெட்டி வைத்தன. குஞ்சுகள் உள்ள ஒரு சோடி ஓராண்டில் ஆயிரம் எலி வரை பிடிக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

இப்போது கேள்விக்கு வருவோம். பட்டப்பகலில் பாதையோரம் ஒரு கூகை சிறகைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறது. கிட்டப் போனாலும் பறக்கவில்லை. அதற்கு என்ன ஆகியிருக்கும்?

வண்டியில் மோதியிருக்கலாம். வலையிலோ முள்கம்பியிலோ சிக்கியிருக்கலாம். இன்னொரு காரணம் வெளியே தெரியாது: நஞ்சு. 1920-களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன ஒருவகை வைக்கோலைத் தின்ற மாடுகள் சிறு காயத்திலேயே இரத்தம் நிற்காமல் இறந்தன. அந்த வைக்கோலை ஆராய்ந்ததன் தொடர்ச்சியாகப் பிறந்தது வார்ஃபரின். 1948-இல் அது எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது. உங்கள் தாத்தா இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டால், அளவோடு கொடுக்கும் அதே பொருள்தான் அது.

இரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கல்லீரல் செய்கிறது. அதற்கு வைட்டமின் கே வேண்டும். உடல் ஒருமுறை பயன்படுத்திய வைட்டமின் கே-யை ஒரு நொதியின் உதவியால் புதுப்பித்து மறுபடியும் பயன்படுத்துகிறது. நஞ்சு அந்த நொதியைத் தடுத்துவிடும். கையிருப்பு தீர்ந்ததும் உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசியத் தொடங்கும். இதற்குச் சில நாளாகும். அந்த நாள்களில் எலி தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலியைப் பிடிப்பது கூகைக்கு எளிது.

வார்ஃபரினுக்கு எலிகள் பழகிவிட்டபோது, புரோடிஃபாகூம் போன்ற இரண்டாம் தலைமுறை நஞ்சுகள் வந்தன. இவை மிக வீரியமானவை, கல்லீரலில் மாதக்கணக்கில் தங்கக்கூடியவை. இவை தோட்டங்களில் புழங்கத் தொடங்கியதும் கூகைகள் குறைந்ததை, 1980-களிலேயே நம் நாட்டில் ஆய்வு செய்தவர்கள் எழுதிவிட்டார்கள். எலியைப் பிடிக்கப் பெட்டி வைத்துவிட்டு அதன் அடியிலேயே அந்த நஞ்சையும் வைப்பது, என் கணக்கில், தோட்டக்காரருக்கே நட்டம்.

நஞ்சுண்ட கூகைக்கு மாற்று மருந்து உண்டு. கால்நடை மருத்துவர் வைட்டமின் கே1 கொடுப்பார். ஆனால் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். வீட்டு வைத்தியம் எதுவும் உதவாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

ஆகவே முதலில் எட்ட நின்று பாருங்கள். பெரியவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். அவர் பழைய துவாலையை மேலே போட்டு, இறக்கையோடு சேர்த்து மெதுவாகத் தூக்கட்டும். அலகைவிடக் கால்நகங்கள்தான் ஆபத்து. காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து மூடி, சத்தமில்லாத நிழலான இடத்தில் விடுங்கள். கம்பிக்கூண்டு வேண்டாம், இறகு ஒடியும். இருட்டு அதன் பதற்றத்தைத் தணிக்கும். நீங்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது அதைக் கூட்டும்.

பாலும் சோறும் கொடுக்காதீர்கள். அலகைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றவே கூடாது. பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது, தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். தொட்டவர்கள் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் தொடவே வேண்டாம், தகவல் மட்டும் சொல்லுங்கள். குரங்கு, உடும்பு, மலைப்பாம்பு அடிபட்டுக் கிடந்தாலும் அப்படியே.

குஞ்சு விழுந்திருந்தால் கதை வேறு. மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது பொய். ஆனால் கூகைகள், தரையில் கிடக்கும் குஞ்சுக்குப் பெரும்பாலும் இரை கொண்டுவருவதில்லை. காயமில்லாத குஞ்சு பெட்டிக்குள் திரும்பியாக வேண்டும். ஏணி ஏறுவது உங்கள் வேலையல்ல, தோட்ட அலுவலகத்தில் சொல்லுங்கள். வீட்டில் வைத்து வளர்த்தால் அது மனிதனையே தன் இனமாக எண்ணத் தொடங்கிவிடும். பிறகு காட்டுக்கு உதவாது. தவிர, பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

யாரை அழைப்பது? வனவிலங்கு, தேசியப் பூங்கா இலாகாவான பெர்ஹிலித்தானை. எண் 1-800-88-5151. அலுவலக நேரம் முடிந்திருந்தால் 999. அந்த இலாகாவின் தேசிய வனவிலங்கு மீட்பு மையம் நம் பேராக்கில்தான், பீடோருக்குத் தெற்கே சுங்காயில் இருக்கிறது. புலியும் கரடியும்கூட அங்கே சிகிச்சை பெற்றிருக்கின்றன.

அரசாங்கம் மட்டும் எல்லாவற்றையும் செய்துவிட முடியாது. சபாவின் சண்டாக்கானில் வோங் சியூ தே 2008-இல் தொடங்கிய போர்னியோ சூரியக்கரடி பாதுகாப்பு மையம், செல்லமாக வளர்க்கப்பட்டுக் கைவிடப்பட்ட கரடிகளைப் பராமரிக்கிறது. மரமேறவும் கறையான் தோண்டவும் கரடி பழக வேண்டும், அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். சில கரடிகள் ஒருநாளும் காட்டுக்குத் திரும்ப முடியாது, கடைசிவரை சோறு போட வேண்டும். இந்தச் செலவுக்குத்தான் நன்கொடை. மாணவர்களான உங்களிடம் பணம் இருக்காது, தெரியும். 1940-இல் தொடங்கிய மலேசிய இயற்கைக் கழகம் பள்ளிகளில் இயற்கை நேசிப்போர் மன்றங்களை நடத்துகிறது. உங்கள் பள்ளியில் இல்லையென்றால் அறிவியல் ஆசிரியரிடம் கேளுங்கள். மீட்பு மையங்களுக்குப் பழைய துவாலையும் நாளிதழும்கூடப் பயன்படலாம். என்ன தேவை என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

வீட்டில் சொந்தச் செம்பனை நிலம் இருக்கிறதா? அப்பாவிடம் எலி மருந்துப் பொட்டலத்தைக் காட்டச் சொல்லி, அதில் அச்சிட்டிருக்கும் வேதிப்பொருளின் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள். பொட்டலத்தைத் தொட்டால் கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.