லேசர் ரப்பர்!

உங்கள் ஜாமெட்ரி பாக்ஸில் ரப்பர் இருக்கிறதல்லவா? பென்சில் எழுத்தை அதனால் அழித்தால் எழுத்து மறைந்துவிடும். ஆனால், நோட்டு முழுக்கக் கறுப்புத் துகள்கள்! எழுத்து இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அணுமின் நிலையத்தில் உலையின் வெப்பத்தைச் சுமந்துகொண்டு குழாய்களில் நீர் ஓடும். குழாய், வால்வு போன்ற உலோகப் பாகங்கள் தேயும்போது, அவற்றில் உள்ள கோபால்ட் சிறிதளவு நீரில் கலக்கும். உலைக்குள் நியூட்ரான்கள் அதைத் தாக்கும். உடனே அது கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளாகிவிடும்! பிறகு குழாயின் உட்சுவரில், துரு போன்ற ஆக்சைடு படலத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதிலிருந்து காமா கதிர்கள் வெளிவரும். அது பாதியாகக் குறையவே 5.27 ஆண்டுகள் ஆகும். அதுவரை, பழுது பார்க்க வரும் தொழிலாளியின் கதி?

அமிலத்தால் கழுவலாமே என்பீர்கள். கழுவுகிறார்கள். ஆனால் கழுவிய அமிலமும் கதிரியக்கக் கழிவாகிவிடும். மணலை வேகமாகப் பீய்ச்சித் தேய்த்தால் அந்த மணலும் கழிவுதான். ஒரு டம்ளர் அழுக்கை எடுக்க ஓர் அண்டா கழிவு!

இங்கேதான் லேசர் வருகிறது. முதல் லேசரை 1960-ல் இயக்கியவர் அமெரிக்காவின் தியோடர் மைமன். 1981-ல் நோபல் பரிசு பெற்ற ஆர்தர் ஷாலோ, லேசரை வைத்து ஒரு வேடிக்கை காட்டுவார். நிறமில்லாத பெரிய பலூனுக்குள் நீலநிற மிக்கி மவுஸ் பலூன். லேசரைச் சுடுவார். டப்! உள் பலூன் மட்டும் வெடிக்கும். வெளி பலூனுக்கு ஒன்றும் ஆகாது. நீலம் அந்தச் சிவப்பு ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. நிறமில்லாத பலூனோ ஒளியை வழிவிட்டு அனுப்பிவிடுகிறது.

குழாயிலும் ஏறக்குறைய இதே கதைதான். கருத்த ஆக்சைடு படலம் லேசர் ஒளியை நன்றாக உறிஞ்சும். அடியில் இருக்கும் பளபளப்பான உலோகம் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஒளியும் தொடர்ந்து பாய்வதில்லை; சில நானோ வினாடிகளே நீடிக்கும் துடிப்புகளாகப் பாயும். ஒரு நானோ வினாடி என்றால் ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஒளியே உங்கள் 30 செ.மீ. ஸ்கேல் நீளம்தான் ஓட முடியும்! வெப்பம் உலோகத்துக்குள் ஆழமாக இறங்குவதற்குள் படலம் ஆவியாகவும் தூளாகவும் கிளம்பிவிடும். அதை உறிஞ்சு குழாய் இழுத்து வடிகட்டியில் சேர்த்துவிடும். லேசர் முனையை ரோபோவின் கை பிடித்துக்கொள்வதால் மனிதர் தள்ளியே நிற்கலாம்.

(திருவிழாக் கடையில் வாங்கிய லேசர் விளக்கை எடுத்துக்கொண்டு துருப்பிடித்த வாளியிடம் போகாதீர்கள். துரு போகாது, கண்தான் போகும்!)

சரி, கதிரியக்கம் அழிந்துவிட்டதா? இல்லை. லேசர் படலத்தைத்தான் பெயர்க்கிறது. கோபால்ட்-60 அணுவின் உட்கருவை அது மாற்றுவதில்லை. ரப்பர் துகள் ஞாபகம் வருகிறதா? குழாயில் இருந்தது வடிகட்டிக்கு வந்திருக்கிறது. ஆனால், அண்டா அண்டாவாகக் கழிவு சேரவில்லை. வடிகட்டியைப் பீப்பாயில் அடைத்துப் பாதுகாப்பது எளிது.

சிக்கல்களும் உண்டு. லேசரின் சக்தியைச் சரியாக அமைக்காவிட்டால் உலோகம் உருகி, கோபால்ட்டை உள்ளேயே மூடிக்கொள்ளும். சிறிது சிறிதாகச் சுரண்ட வேண்டியிருப்பதால் நேரமும் பிடிக்கும். குழாய் வளைந்தால் அமிலமும் வளைந்து போகும். லேசர் ஒளி தானாக வளையாதே!