வாசல் விளக்குக்குக் குறையும் 0.2 வோல்ட்

தீபாவளி நெருங்கினால் என்னிடம் வரும் கேள்விகளில் ஒன்று மாறுவதே இல்லை. “வண்ணம் மாறும் எல்இடி பட்டையை இஎஸ்பி32 பலகையோடு இணைத்தோம். ஒருநாள் ஒழுங்காக எரிகிறது, மறுநாள் கண்டபடி மின்னுகிறது. பட்டை கெட்டுவிட்டதா, அங்கிள்?” கேட்பவர் பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளி மாணவர். பக்கத்தில் நிற்கும் அப்பா வேறு பட்டை வாங்கத் தயாராக இருப்பார்.

பல நேரங்களில் பட்டையும் நல்லதுதான், பிள்ளை எழுதிய நிரலும் சரிதான். குறை இருப்பது இரண்டுக்கும் நடுவே செல்லும் சமிக்ஞைக் கம்பியில்.

இவ்வகைப் பட்டைகளில் பரவலாக இருப்பது டபிள்யூஎஸ்2812பி. 5 வோல்ட்டில் இயங்கும் இதற்கு வரும் சமிக்ஞை, அந்த 5 வோல்ட்டில் பத்தில் ஏழு பங்காவது, அதாவது 3.5 வோல்ட்டாவது இருக்க வேண்டும். இஎஸ்பி32 தருவது 3.3 வோல்ட்தான். மெல்லிய குரலில் பேசுபவர் சொல்வது சில சமயம் காதில் விழும், சில சமயம் விழாது. பட்டையின் நிலையும் அதுதான். கம்பி நீளமானால் தொல்லை கூடும்.

இதற்கு நான் சொல்லும் வழி, 74ஏஎச்சிடி125 என்ற சில்லை நடுவில் வைப்பது. சிம் லிம் டவரின் உதிரிப்பாகக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். உள்ளே வருவது 2 வோல்ட்டைத் தாண்டினாலே இது ஏற்றுக்கொண்டு, ஏறக்குறைய 5 வோல்ட்டாக வெளியே அனுப்பும். பெயரில் ‘சி’க்குப் பின் வரும் ‘டி’யை மறந்துவிடாதீர்கள். அது இல்லாத 74எச்சி125 வாங்கினால், அதுவும் 3.5 வோல்ட்தான் கேட்கும்.

14ஆம் காலுக்கு 5 வோல்ட் கொடுங்கள். 1, 7 ஆகிய கால்களைக் கிரவுண்டில் சேருங்கள். இஎஸ்பி32 சமிக்ஞை 2ஆம் காலில் நுழைந்து 3ஆம் காலில் வெளிவரும். பயன்படாத 4, 5, 9, 10, 12, 13 ஆகிய கால்களும் கிரவுண்டுக்கே. பலகை, சில்லு, பட்டை மூன்றுக்கும் கிரவுண்ட் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு விளக்கும் தான் பெற்ற சமிக்ஞையைச் சீராக்கி அடுத்ததற்குத் தருவதால், நூறு விளக்குகள் இருந்தாலும் முதல் விளக்குக்கு முன் ஒரே ஒரு சில்லு போதும்.

மலிவாகக் கிடைக்கும் இருதிசை மாற்றிப் பலகையை இதற்கு வாங்க வேண்டாம். அதில் சமிக்ஞை 10 கிலோஓம் மின்தடை வழியாக மெதுவாக ஏறும். பட்டையிலோ ஒரு பிட்டுக்குக் கிடைப்பது 1.25 மைக்ரோவினாடி மட்டுமே.

எதிர்த்திசையில் இன்னும் கவனம் தேவை. தூரம் அளக்கும் எச்சி-எஸ்ஆர்04 உணரி 5 வோல்ட்டைத் திருப்பி அனுப்பும். அதை நேராக இணைத்தால் 3.3 வோல்ட் பலகை பழுதாகலாம். அங்கே 1 கிலோஓம், 2 கிலோஓம் மின்தடைகள் இரண்டைத் தொடராக இணைத்து, 2 கிலோஓமின் மறுமுனையைக் கிரவுண்டில் சேர்த்து, நடுவிலிருந்து எடுத்தால் சுமார் 3.3 வோல்ட் கிடைக்கும்.

புதிய பட்டை சில வெள்ளிதான். ஆனால் “எனக்கு இதெல்லாம் வராது” என்று பிள்ளை ஒதுங்கிவிட்டால் அந்த இழப்பு பெரிது. பட்டையின் தகவல் தாளில் 0.7 என்ற அந்த எண் அச்சாகியே இருக்கிறது. அடுத்த பட்டை வாங்கும் முன், பிள்ளையோடு உட்கார்ந்து அதைத் தேடிப் பாருங்கள்.